விருந்தினர் குடில் ஊடுபயிராகவே இருக்கட்டும்

சென்ற மாதம் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தபோது, அடையாறில் ஒரு பழைய வீட்டின் பின்புறம் இருந்த விருந்தினர் குடிலில் இரண்டு இரவு தங்கினேன். ஓட்டுக் கூரை, இரண்டு அறைகள், ஒரு திண்ணை. முன்னால் இரண்டு மாமரங்கள், ஒரு பலா, மூலையில் கறிவேப்பிலை. கிராமத்தில் இருப்பவருக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை. ஆனால் வாடகையைக் கேட்டால் வியப்பு வரும். நல்ல ஓட்டல் அறைக்குக் கொடுக்கும் பணத்தை இந்த மரத்தடிக்குக் கொடுக்கிறார்கள்.

பக்கத்து அறையில் ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். தியாகராய நகர் என்றார் அந்தத் தந்தை. ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் சொந்த வீடு இருக்க, ஏன் இங்கே வந்து தங்க வேண்டும்?

"தாத்தா காலத்துல செங்கல்பட்டுப் பக்கம் நிலம் இருந்துது சார். வித்தாச்சு. லீவுக்குப் போக ஊர்னு ஒண்ணு இல்ல. பசங்க ரெண்டு நாள் மரத்தடியில இருக்கட்டுமேன்னு வந்தோம்" என்றார்.

இந்தப் பதிலை விவசாயிகள் கவனிக்க வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். பணம் இருக்கிறது, ஊர் இல்லை. இவர்களை நம்பித்தான் இன்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வயலுக்கு நடுவே குடில்கள் முளைக்கின்றன. "நானும் ரெண்டு ரூம் கட்டலாமா?" என்று கேட்கும் உழவர்களும் கூடிவருகிறார்கள். கட்டலாம். ஆனால் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

அன்றும் இதே கதைதான்

இன்றைக்கு அடையாறு நகரத்தின் நடுப்பகுதி போல ஆகிவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அடையாறும் மயிலாப்பூரும் நுங்கம்பாக்கமும்தான் நகரத்தார் ஓய்வுக்குப் போகும் இடங்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் நெருக்கடியில் வாழ்ந்த ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் வயல், தோப்புகளுக்கு நடுவே 'தோட்ட வீடு' கட்டிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடையாற்றங்கரையில் எழுந்த பிராடி கோட்டை அப்படி ஒன்று. இன்று அங்கே இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. பிரம்மஞான சபை 1882இல் வாங்கிக் குடியேறிய ஹடில்ஸ்டன் தோட்டமும் அத்தகைய தோட்ட வீடுதான்.

முதலில் ஓய்வுக்கு ஒரு வீடு வந்தது. அதற்கு ஒரு சாலை வந்தது. சாலை ஓரத்தில் மனைகள் வந்தன. கடைசியில் வயல் போய்விட்டது. பிரம்மஞான சபையின் வளாகம் போன்ற ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பழைய பசுமை மிஞ்சியிருக்கிறது.

தியாகராய நகரின் கதை இன்னும் நேரடியானது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த ஒரு பெரிய ஏரியின் மாம்பலம் பகுதியை வற்றச் செய்துதான் 1920களில் அந்த நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் ஏரி இல்லை. என்னோடு தங்கியிருந்த அந்தக் குடும்பம் ஏரி இருந்த இடத்தில் வீடு கட்டி வாழ்ந்துகொண்டு, மரநிழலுக்குக் காசு கொடுக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திண்டிவனம் நெடுஞ்சாலையிலும் இப்போது நடப்பது இதன் அடுத்த அத்தியாயம். சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் அரசு விரிவாக்கியது. நேற்றுவரை கிராமமாக இருந்த பல ஊர்கள் இன்று பெருநகரத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. இந்த நேரத்தில் வயலில் கட்டும் ஒரு குடில், விவசாயத்தைத் தாங்கும் தூணாகவும் அமையலாம், விவசாயத்தை விட்டு வெளியேறும் முதல் படியாகவும் அமையலாம். எது என்பதை முடிவு செய்வது நாம் அதை எந்த அளவில், எந்தக் கணக்கில் செய்கிறோம் என்பதுதான்.

அரசு என்ன சொல்கிறது?

2023இல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி வழங்கியது. 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில், வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் 'ஹோம்ஸ்டே' தொழிலுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முத்ராவில் 50 ஆயிரம் ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகள் உள்ளன. தருண் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை உண்டு. பிணை தேவையில்லை.

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு உழவருக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாது. ஆனால் இணையதள முன்பதிவு நிறுவனம் வழியாக விருந்தினர் வந்தால், அந்த நிறுவனம் வரியையும் தன் கமிஷனையும் சேர்த்தே கணக்குப் போடும்.

மற்ற மாநிலங்கள் நமக்கு முன்பே தொடங்கிவிட்டன. மகாராஷ்டிரத்தில் பாராமதி வட்டாரத்தில் 2000களின் நடுவிலேயே வேளாண் சுற்றுலா வேரூன்றியது. 2020இல் அம்மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. புணே, மும்பை வாசிகள் கரும்பு வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் காசு கொடுத்துப் போகிறார்கள். ஆக, வாய்ப்பு உண்மை. கடன் எளிதாகக் கிடைப்பதும் உண்மை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கணக்குகள்

நகரத்து விருந்தினர் வெள்ளி, சனி இரவுகளில்தான் வருவார்கள். இரண்டு அறைகள் இருந்தால் ஆண்டுக்கு 208 அறை-இரவுகள். அதில் பாதி, அதாவது 104 நிரம்பினால் நல்ல ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆள் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயல் வந்தால் முன்பதிவு செய்தவர்களும் ரத்து செய்வார்கள். கீழே உள்ளவை மாதிரிக் கணக்குகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கு: 12 லட்சத்தில் புதிதாக இரண்டு அறைக் குடில். கைக்காசு 2 லட்சம், கடன் 10 லட்சம், வட்டி 11 சதவீதம், 7 ஆண்டுத் தவணை. மாதத் தவணை சுமார் 17,100 ரூபாய். ஆண்டுக்கு 2 லட்சத்து 5 ஆயிரம். அறைக்கு 2,500 ரூபாய் வாடகை என்றால் 104 இரவுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் வரவு. துணி வெளுப்பு, சுத்தம் செய்யும் கூலி, மின்சாரம், கமிஷன் எல்லாம் சேர்த்து அறை-இரவுக்கு 700 ரூபாய் என்றால் சுமார் 73 ஆயிரம் செலவு. மிச்சம் 1 லட்சத்து 87 ஆயிரம். தவணைக்கே சுமார் 18 ஆயிரம் துண்டு விழுகிறது. அதை நெல்லில் வரும் பணத்திலிருந்து கட்ட வேண்டும்.

இரண்டாவது கணக்கு: சும்மா பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீட்டை 3 லட்சத்தில் பழுது பார்ப்பது. இரண்டு அறைகள், இரண்டு நல்ல கழிப்பறைகள், கொசு வலை, சுத்தமான படுக்கை. கைக்காசு 1 லட்சம், கடன் 2 லட்சம், அதே வட்டி, 4 ஆண்டுத் தவணை. ஆண்டுக்குச் சுமார் 62 ஆயிரம் கட்ட வேண்டும். வாடகையை 2,000 ஆகக் குறைத்தாலும் 2 லட்சத்து 8 ஆயிரம் வரவு. செலவு 73 ஆயிரம். தவணையும் போக ஏறத்தாழ 73 ஆயிரம் கையில் நிற்கும்.

நிலமும் விருந்தினரும் ஒன்றுதான். வித்தியாசம் கடனில் இருக்கிறது. அதனால்தான் குடிலை முதன்மைப் பயிராக்காமல் ஊடுபயிராக வையுங்கள் என்கிறேன். தென்னைக்கு நடுவே வாழை வைப்பது போல, இருக்கிற இடத்தில், இருக்கிற நீரில், முதன்மைப் பயிரைப் பாதிக்காமல் வருகிற வருமானம் இது.

கணக்கில் பலரும் விட்டுவிடும் ஒரு செலவு வீட்டுப் பெண்களின் உழைப்பு. காலை ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்கு இட்லி, பத்து மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஏற்கெனவே மாட்டையும் களையெடுப்பையும் பார்ப்பவர்கள் அவர்கள். அந்த வேலைக்குக் கூலி போட்டு எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் அது லாபம்.

சட்டத்தில் கால் இடறக் கூடாது

முதலாவது, நிலம். நன்செய் நிலத்தை விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற முன்அனுமதி வேண்டும். வீட்டு நத்தத்தில் உள்ள பழைய வீட்டைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். கடற்கரை அருகே நிலம் உள்ளவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். பம்புசெட்டுக்குக் கிடைக்கும் இலவச மின் இணைப்பிலிருந்து குடிலுக்கு ஒரு வயர்கூட இழுக்கக் கூடாது. ஒரு விளக்கு எரிந்தாலும் விதிமீறல்தான். அபராதம் மட்டுமல்ல, இணைப்பே சிக்கலுக்குள்ளாகும். குடிலுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

மூன்றாவது, வரி. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அறை வாடகை விவசாய வருமானம் ஆகாது. குடில் வயலுக்கு நடுவே இருந்தாலும் ஆகாது. தனி நோட்டு, தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது, பதிவு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை, காலை உணவுத் திட்டத்தில் அதிகபட்சம் 6 அறைகள், 12 படுக்கைகள்தான் அனுமதி. உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும்.

வயலில் மாற வேண்டியவை

விருந்தினர் வருகிற பண்ணையில் பயிர்ப் பாதுகாப்பு முறையே மாற வேண்டும். சனிக்கிழமை குழந்தைகள் வரப்பில் ஓடப் போகிறார்கள் என்றால் வெள்ளிக்கிழமை மருந்து அடிக்க முடியாது. தெளித்த வயலுக்குள் எத்தனை நாள் கழித்துப் போகலாம், எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது மருந்துப் பாட்டிலின் லேபிளிலும் துண்டுப் பிரசுரத்திலும் இருக்கும். அதைப் படித்துவிட்டு நாட்காட்டியில் குறியுங்கள். குடிலை ஒட்டிய பாத்திகளில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப் பொறி, மஞ்சள் ஒட்டுப் பொறி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மருந்து டப்பாக்கள் பூட்டிய அறையில் இருக்க வேண்டும்.

அடுத்தது கிணறு. நமக்குப் பழகிய கிணறு நகரத்துப் பிள்ளைக்குப் பழக்கமில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் வேலி இல்லாத பண்ணைக் குட்டையும் இருக்கும்வரை ஒரு விருந்தினரையும் ஏற்காதீர்கள். பம்புசெட்டுக் குளியல்தான் எல்லோருக்கும் பிடித்தது. அதற்கு இரண்டடி ஆழத் தொட்டி போதும்.

நீச்சல் குளம் வேண்டும் என்று கட்டட ஒப்பந்ததாரர்கள் ஆசை காட்டுவார்கள். நாற்பதடி நீளம், இருபதடி அகலம், நான்கடி ஆழக் குளத்துக்குச் சுமார் 90 ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். அதில் குளோரின் கலப்பதால் வடிக்கும் நீரை அப்படியே பயிருக்குப் பாய்ச்ச முடியாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, சுற்றுவட்டார விவசாயக் கிணறுகளிலிருந்துதான் டேங்கர் லாரிகள் நீர் கொண்டுபோயின. அந்த நிலத்தடி நீரை நாமே நீச்சல் குளத்தில் ஊற்ற வேண்டியதில்லை.

மற்றபடி குடிலின் நீர்த்தேவை பெரிதல்ல. ஓட்டலில் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. நான்கு பேருக்கு 720 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் ஒரு முறை நீர் பாய்ச்சவே 2 லட்சம் லிட்டர் ஆகிறது. குளியலறை நீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு, அங்கிருந்து வாழைக்குத் திருப்பலாம். கழிப்பறைக்கு முறையான செப்டிக் டேங்க் வேண்டும். அது குடிநீர்க் கிணற்றிலிருந்து நன்கு தள்ளி இருக்க வேண்டும்.

பாலைக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். 'பச்சைப் பால் உடம்புக்கு நல்லது' என்று கேட்டு வருபவர்களும் உண்டு. கன்றுவீச்சு நோய் மனிதருக்குப் பரவும் வழிகளில் காய்ச்சாத பாலும் ஒன்று. கால்நடை வளர்ப்பில் பயிற்சி தேவைப்படுவோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

எந்தப் பண்ணை பொருந்தும் என்ற கேள்வியும் உண்டு. செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் மட்டும் போடும் நிலம் அறுவடைக்குப் பின் வெறும் தாளாகத் தெரியும். மா, கொய்யா, தென்னை, கொஞ்சம் மல்லிகை, காய்கறிப் பாத்தி, இரண்டு மாடுகள், சில கோழிகள் என்று ஒருங்கிணைந்த பண்ணையமாக இருந்தால் எந்த மாதம் வந்தாலும் காட்ட ஏதாவது இருக்கும். அதிகாலையில் மல்லி பறிப்பது, நிலக்கடலை பிடுங்குவது, பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை ஆகியவற்றை விருந்தினருக்காகப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. நாம் செய்துகொண்டிருக்கும் வேலைகள்தான்.

வாடகையைவிடப் பெரிய வருமானம்

மாமரத்தடிக்குக் காசு கொடுத்தவர், அந்த மரத்து மாங்காயையும் வாங்குவார். குடிலின் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது. வந்துபோகும் குடும்பங்களில் பத்து மட்டும் மாதம் 10 கிலோ அரிசி உங்களிடமே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 கிலோ அரிசி. அதற்குச் சுமார் 1,850 கிலோ நெல் வேண்டும். ஒரு ஏக்கர் விளைச்சலில் பெரும்பகுதி. 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அந்தக் கணக்கில் இந்த நெல்லுக்கு 44 ஆயிரம் ரூபாய் வரும். அரிசியாக்கிக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றால் 72 ஆயிரம். அரவைக் கூலி, மூட்டை, வண்டிச் செலவு போனாலும் மிஞ்சும். அதோடு செக்கு எண்ணெய், மாங்காய், கொய்யா, நாட்டுக்கோழி முட்டை சேர்ந்தால், குடில் வாடகை இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். அந்த ஒரு வாடிக்கையாளர் மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால், பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்.

குடில் கட்ட வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கேரளத்தின் குமரகத்தில் 2008இல் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், உள்ளூர் உழவர்களும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் தங்கும் விடுதிகளுக்குக் காய்கறி, முட்டை, பால் வழங்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்கெனவே விடுதிகள் நிறைய உள்ளன. அவற்றின் சமையலறைக்குக் கீரையும் இளநீரும் பூவும் கொடுக்க ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் சுயஉதவிக் குழுவோ ஒப்பந்தம் போடலாம். முதலீடு இல்லை, கடன் இல்லை, வார நடுவிலும் விற்பனை உண்டு.

விரிவாக்க அலுவலர்களுக்கு

குடில் கட்ட ஆலோசனை கேட்டு வரும் உழவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். பயன்படுத்தாத பழைய கட்டடம் இருக்கிறதா? பாதி நாட்கள் அறை காலியாக இருந்தாலும் தவணை கட்ட முடியுமா? வேலையை யார் செய்வார், அவருக்குக் கூலி உண்டா? கிணறு, குட்டை, மருந்து அறை பாதுகாப்பாக உள்ளனவா? குடிலை மூடிவிட்டாலும் பண்ணை தன் காலில் நிற்குமா?

கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அவர் செய்யப்போவது பண்ணைச் சுற்றுலா அல்ல, விடுதித் தொழில். அதில் ஆழமான பணப்பை உள்ளவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். தவணை தவறினால், 'பண்ணை மனை' என்று பலகை வைக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

அடையாறிலிருந்து கிளம்பும்போது, அந்தத் தியாகராய நகர்க் குடும்பத்தின் சின்னப் பையன் பலா மரத்தடியில் நின்று, அடிமரத்தில் காய்த்திருந்த பிஞ்சை எண்ணிக்கொண்டிருந்தான். அவனுடைய கொள்ளுத் தாத்தாவின் நிலத்திலும் ஒரு பலா இருந்திருக்கலாம். உங்கள் பேரப்பிள்ளை நாளை காசு கொடுத்து மரம் பார்க்கும் நிலை வர வேண்டாம். விருந்தினர் வரட்டும், தங்கட்டும், அரிசியும் வாங்கிக்கொண்டு போகட்டும். ஞாயிறு மாலை அவர்கள் கார் புறப்பட்ட பிறகு, திங்கள் காலை உழுவதற்கு அந்த நிலம் நம்மிடம் இருக்க வேண்டும்.

- கட்டுரையாளர், உழவியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி